பாளை அருவாளும் பேனாக்கத்தியும்: ஒரு கத்திக்கு எத்தனை வாய்?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த தடுமாற்றங்களையும் திரும்பச் சொன்னவற்றையும் நீக்கியிருக்கிறோம்.)

சங்கரன்கோவில்ல இருந்து பேசுறேன். இந்த வாரம் வெளிய பவர்லூம் சத்தம் கொஞ்சம் கேக்கும், பொறுத்துக்கோங்க.

போன மாசம் ஒரு மடக்குக் கத்தி வாங்கலாம்னு ஆன்லைன்ல உக்காந்தேன். பார்சல் பிரிக்க, பயணத்துல மாம்பழம் நறுக்க, சாக்கு நூல் அறுக்க. பெரிய காரியம் ஒண்ணும் இல்ல. கைப்பிடி முடிவாச்சு, பட்ஜெட் முடிவாச்சு. அதுக்கப்புறம் ஒரு கேள்வி வந்து நின்னுச்சு: கிரைண்ட் எது வேணும்? பிளாட்டா, ஹாலோவா, கான்வெக்ஸா, ஸ்காண்டியா? ரெண்டு ராத்திரி வீடியோ பாத்தேன். ஆளாளுக்கு ஒண்ணைச் சத்தியம் பண்ணிச் சொல்றாங்க. மூணாவது நாள்தான் உறைச்சுது. இந்தக் கேள்விக்கு எங்க தாத்தா பதில் வச்சிருந்தார். அதுவும் இடுப்புல கட்டியிருந்த ஒரு பெட்டிக்குள்ள.

தாத்தா பனையேறி. சங்கரன்கோவில் சுத்துவட்டாரத்துல பனை தெரியாத ஆள் கிடையாது, ஆனா பனையேறியோட அருவாப்பெட்டியைத் திறந்து பாத்தவங்க குறைவு. அதுக்குள்ள முக்கியமா ரெண்டு அருவா இருக்கும். ஒண்ணு மட்டை அருவா: காஞ்ச மட்டையை வெட்டி, மரத்தைச் சீவிச் சுத்தம் பண்றதுக்கு. இன்னொண்ணு பாளை அருவா: பாளையோட நுனியைச் சீவுறதுக்கு. பனை மேல ஏறும்போது ஒவ்வொரு கிராமும் பாரம். அப்படியிருந்தும் ஒரு மனுசன் ரெண்டு அருவா தூக்கிட்டுப் போறார்னா, ஒண்ணால ரெண்டு வேலையும் ஆகாதுன்னுதான அர்த்தம்?

ஏன் ஆகாது? அதுக்கு முதல்ல கிரைண்ட்னா என்னன்னு பாத்துருவோம்.

ஒரு கத்தியைக் குறுக்கால வெட்டி, வெட்டின முகத்தைப் பாக்குறதா நினைச்சுக்கோங்க. மேல தடிமனா முதுகு, கீழ மெலிஞ்ச வாய். முதுகுல இருந்து வாய் வரைக்கும் இரும்பு எந்தக் கோட்டுல மெலிஞ்சு வருதோ, அதான் கிரைண்ட். நேர்கோட்டுல ஆப்பு மாதிரி வந்தா பிளாட். ரெண்டு பக்கமும் உள்வாங்கிக் குழிஞ்சு வந்தா ஹாலோ. வெளிய புடைச்சு, புளியங்கொட்டை முகம் மாதிரி வந்தா கான்வெக்ஸ். பாதி உயரம் வரைக்கும் தடிமன் மாறாம வந்து, அங்கருந்து ஒரே சரிவா இறங்கினா ஸ்காண்டி. ஒரு பக்கம் மட்டும் சரிஞ்சு மறுபக்கம் தட்டையா இருந்தா அது உளி வாய், தச்சாசாரி வீட்டுல பாத்திருப்பீங்க.

குழிஞ்ச வாய் மெல்லிசு, அதனால அறுக்கும்போது தடை குறைவு. ஆனா வாய்க்குப் பின்னால தாங்குறதுக்கு இரும்பு இல்ல. ஓங்கி வெட்டினா வாய் நசுங்கும், இல்லன்னா பல்லு பல்லாப் போகும். புடைச்ச வாய் நேர் எதிர். வாய்க்குப் பின்னாலயே சதை இருக்கு. அடி தாங்கும், விறகுல சிக்காம விலக்கிட்டுப் போகும், ஆனா தக்காளித் தோல்ல நின்னு யோசிக்கும். மத்ததெல்லாம் இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ நிக்கிற சமரசம்தான்.

இப்ப பாளைக்கு வாங்க. பாளையைக் கடிப்பு வச்சு நசுக்கிப் பதமாக்கின பிறகு, தினம் காலைலயும் சாயங்காலமும் நுனியை ஒரு சீவு சீவணும். வெங்காயத் தோல் அளவுக்கு, அவ்வளவு மெல்லிசா. தடிமனாச் சீவுனா பாளை சீக்கிரம் தீந்துரும், அந்தப் பாளையில வரவேண்டிய பதநீர் அவ்வளவும் நட்டம். வாய் மழுங்கியிருந்தா அதைவிட மோசம்: நார் அறுபடாம நசுங்கும், நசுங்கினா சொட்டுற கண்ணு அடைபடும். ஆக, தாத்தாவோட வருமானம் அந்த வாயோட மெல்லிசுலதான் இருந்துச்சு. பாளை அருவாவைக் கருங்கல்லுல தேய்ச்சு அவர் விட்டுட மாட்டார். ஒரு பலகையில கல்லுப் பொடியைத் தூவி, அதுல மெதுவா இழுத்து இழுத்துத் தீட்டுவார். நகத்துல வச்சுப் பாப்பார். வழுக்கினா திரும்பப் பலகைக்கு. மட்டை அருவாவுக்கு இந்த மரியாதையெல்லாம் கிடையாது. அது புடைச்ச வாய். ரெண்டு தேய்ப்பு, அவ்வளவுதான்.

இங்க நான் பண்ணின ஒரு கூத்தைச் சொல்லியாகணும். இன்ஜினியரிங் ரெண்டாம் வருசம். தாத்தா ஏறுறதை நிறுத்தி அஞ்சாறு வருசம் ஆயிருந்துச்சு. பெட்டியில கிடந்த பாளை அருவாவை எடுத்துட்டுப் போய், தெரிஞ்ச வெல்டிங் பட்டறை கிரைண்டர்ல நானே பிடிச்சேன். தீப்பொறி பறந்துச்சு, பளபளன்னு ஆச்சு. வாய் ஓரமா ஒரு நீலக் கோடு வந்துச்சு, மயில் கழுத்து மாதிரி. அழகா இருக்குன்னு போட்டோ வேற எடுத்தேன். தாத்தா வாங்கிப் பாத்தார். நகத்துல கூட வைக்கல. “இனி இது வெங்காயம் உரிக்கத்தான் ஆகும்”னு சொல்லிப் பெட்டியில போட்டார்.

அந்த நீலம் என்னன்னு அடுத்த செமஸ்டர் மெட்டலர்ஜி வகுப்புலதான் புரிஞ்சுது. ஆசாரி இரும்பைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணியிலயோ எண்ணெயிலயோ தோய்ப்பார். அப்ப வர்ற கடினம்தான் வாயோட உயிர். அதைத் திரும்பவும் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கினா மேல நீல நிறம் படியும், உள்ள கடினம் இறங்கிரும். மெல்லிசான வாய்க்குச் சூடு ஏற ரெண்டு செகண்டு போதும். நான் தீட்டல, வேகவச்சிருக்கேன்.

சரி, வரலாறு. இந்தக் கிரைண்ட் வகையெல்லாம் யாரோ உக்காந்து டிசைன் பண்ணினதுன்னு நினைச்சிட்டிருந்தேன். அப்படி இல்ல. பெரும்பாலும் அந்தக் காலத்துல கையில இருந்த கருவி விட்டுட்டுப் போன தடம்தான் அது. சுத்தியலும் அரமும் கையால தேய்க்கிற கல்லும் இருந்தா வாய் தானா லேசாப் புடைக்கும். தேய்க்கும்போது மனுசன் கை ஆடுமே, அதனால. சுத்துற சாணைக்கல் வந்தா வாய் குழியும். கல்லு வட்டம், வட்டத்தோட ஒரு துண்டு இரும்புல பதியும்.

எவ்வளவு குழியும்னு கணக்குப் போடலாம். ஒரே ஒரு ஃபார்முலா, பயப்படாதீங்க: சரிவோட அகலத்தை வர்க்கம் பண்ணி, கல்லோட ஆரத்தை எட்டால பெருக்கி அதால வகுக்கணும். 20 மில்லிமீட்டர் அகலச் சரிவுன்னு வைங்க. நாலு அடி விட்டம் உள்ள பெரிய கல்லுல பிடிச்சா குழிவு 0.08 மில்லிமீட்டர். கண்ணுக்கே தெரியாது, அதை பிளாட்னுதான் சொல்வோம். அதே இரும்பை நாலு அங்குல விட்டம் உள்ள சின்னக் கல்லுல பிடிச்சா ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் குழியும். அதான் சவரக்கத்தி. 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துச் சவரக்கத்திகள் ஆப்பு மாதிரி கனமா இருக்கும். நூற்றாண்டு போகப் போக, குறிப்பா ஜெர்மனியோட சோலிங்கன்ல, சின்ன விட்டச் சக்கரங்கள்ல பிடிச்சுப் பிடிச்சு, நகத்துல அமுக்கினா வளையுற அளவுக்கு மெலிஞ்சுது. முன்னாடி நம்மூர் சலூன்கள்ல தோல்வார்ல இழுத்துத் தீட்டுவாங்களே, அந்தக் கத்தியோட வம்சம் இதுதான். இப்ப பாதியா ஒடிச்ச பிளேடு போட்டுட்டாங்க, அது வேற கதை.

இந்தக் குழிவுக்கு ஒரு விலை இருந்துச்சு. இங்கிலாந்தோட ஷெஃபீல்டுல சாணை பிடிக்கிறவங்க சுத்துற மணற்கல்லுக்குப் பின்னால குதிரை மேல உக்காந்த மாதிரி உக்காந்து, குனிஞ்சு வேலை பாப்பாங்க. கல்லுத் தூசியும் இரும்புத் தூசியும் நேரா நெஞ்சுக்குள்ள. அங்க வேலை பாத்த டாக்டர் அர்னால்டு நைட் சொன்னதை எங்கெல்ஸ் 1845-ல வெளிவந்த தன்னோட புத்தகத்துல எடுத்துச் சொல்றார்: தண்ணி இல்லாத காய்ஞ்ச கல்லுல வேலை பாத்தவங்களோட சராசரி ஆயுள் 35 வயசை எட்டுறதே கஷ்டம். தண்ணி ஓடுற கல்லுல வேலை பாத்தவங்க 45-ஐத் தாண்டுறது அபூர்வம். பிரான்சுல தியேர்னு ஒரு ஊர், அதுவும் கத்திக்குப் பேர் போனது. அங்க சாணை பிடிக்கிறவங்க ஆத்தோரப் பட்டறையில பலகை மேல குப்புறப் படுத்துக்கிட்டு, கீழ சுத்துற கல்லுல கத்தியை அமுக்குவாங்க. குளிர் தாங்காம கால் மேல நாயைப் படுக்க வச்சுக்குவாங்க. நான் போட்டோவைப் பாத்தப்ப சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு வரல.

ஸ்காண்டி பத்திச் சுருக்கமா. ஸ்வீடன்ல மோரா பக்கம் மரவேலைக்காரங்க கத்தி. சரிவு அகலமா ஒரே தளமா இருக்கிறதால, அதை அப்படியே கல்லு மேல படுக்க வச்சுத் தேய்ச்சா கோணம் தப்பாது. கைப்பழக்கம் இல்லாதவனும் தீட்டலாம். அதோட பெருமை அறுக்கிறதுல கொஞ்சம், தீட்டுறதுல அதிகம்.

இப்ப நம்ம பக்கம். “மடக்குக் கத்தி வெள்ளைக்காரன் கொண்டுவந்தது”ன்னு ஒரு நண்பர் சொன்னார். பேனாக்கத்திங்கிற பேரு வேணா அங்கருந்து வந்திருக்கலாம். பறவை இறகைச் சீவிப் பேனா செய்யுறதுக்கு வச்சிருந்த சின்னக் கத்தி அது, பேனா மாறின பிறகும் பேர் தங்கிருச்சு. ஆனா இங்க என்ன இருந்துச்சுன்னு உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திர’த்துல எழுதியிருக்கார். எழுத்தாணியில பல வகை. வாரெழுத்தாணின்னு ஒண்ணு, அதோட தலைப்பக்கம் கொண்டைக்குப் பதிலா ஒரு சின்னக் கத்தி. ஓலையை வாரி நறுக்குறதுக்கு. மடக்கெழுத்தாணின்னு இன்னொண்ணு: ஒரு பக்கம் எழுத்தாணி, மறுபக்கம் கத்தி, ரெண்டையும் பிடிக்குள்ள மடக்கிரலாம், உறையே வேண்டாம். கேட்டுக்கோங்க. ஒரே பிடி, ரெண்டு கருவி, ரெண்டும் மடங்கும். இன்னைக்கு ‘மல்ட்டி டூல்’னு ரெண்டாயிரம் ரூபாய்க்கு விக்கிறாங்களே, அதேதான்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விசயம் ஒண்ணு இருக்கு. அங்க கத்தி இறகைச் சீவிப் பேனாவைத் தயார் பண்ணுச்சு. இங்க கத்தி பனையோலையைச் சீவிக் காகிதத்தைத் தயார் பண்ணுச்சு. ரெண்டு இடத்துலயும் எழுதுறவன் பைக்குள்ள போனதாலதான் கத்தி சின்னதாச்சு, மெல்லிசாச்சு. பாளைக்கு ஒரு வாய், மட்டைக்கு ஒரு வாய், ஓலைக்கு ஒரு வாய். ஒரே பனைமரத்துக்கு மூணு கிரைண்ட்.

வாய் எவ்வளவு மெலியலாங்கிறதைக் கருவி மட்டும் முடிவு பண்றதில்ல, இரும்பும் முடிவு பண்ணும். இங்கதான் லண்டன் கதை வருது. 1794-ல பம்பாய்ல இருந்த டாக்டர் ஹெலனஸ் ஸ்காட், லண்டன் ராயல் சொசைட்டியோட தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு ஒரு உருக்கு மாதிரியைப் பத்தி எழுதி, கட்டிகளையும் அனுப்பி வைக்கிறார். பேரு ‘வூட்ஸ்’. கன்னடம், தெலுங்குல உருக்குக்கு ‘உக்கு’ன்னு பேர், அது திரிஞ்சு வந்ததுன்னுதான் பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்றாங்க. ஜார்ஜ் பியர்சன் அதைச் சோதிச்சு 1795-ல கட்டுரை வாசிக்கிறார். அந்தச் சோதனைக்கு ஜேம்ஸ் ஸ்டோடார்ட்ங்கிற கத்திக்காரர் அந்த உருக்குல என்ன செஞ்சார் தெரியுமா? வாள் இல்ல. ஒரு பேனாக்கத்தி.

அதை அடிக்கிறது லேசா இல்ல. ஐரோப்பியக் கொல்லர்கள் பழக்கப்படி வெள்ளைச் சூட்டுக்குக் கொண்டுபோனா சுத்தியல் பட்டதும் உதிர்ந்துரும். ஸ்டோடார்ட், இருட்டுல மட்டும் தெரியுற மங்கலான சிவப்புச் சூட்டுல வச்சு மெதுவா அடிச்சார். காரணம் கார்பன். வூட்ஸ்ல ஏறக்குறைய ஒண்ணரை சதவீதம் கார்பன், சாதாரணக் கத்தி இரும்பைவிட ரெண்டு மடங்குக்கும் மேல. அதனாலதான் அடிக்கச் சண்டித்தனம் பண்ணும், அதனாலேயே மெல்லிசான வாயைத் தாங்கும். முடிச்சுப் பாத்தா, அவங்ககிட்ட இருந்த நல்ல கத்திக்குச் சமமா அறுத்துச்சு. பிறகு ஸ்டோடார்ட் தன் கடை விளம்பர அட்டையிலயே, சவரக்கத்தியும் அறுவை சிகிச்சைக் கருவியும் இந்திய வூட்ஸ்ல செஞ்சது, ஐரோப்பாவோட சிறந்த உருக்கைவிட இதையே விரும்புறேன்னு அச்சடிச்சார்.

அவரோட சேந்து அந்த உருக்கோட ரகசியத்தைத் தேடினவர் ஒரு கொல்லரோட மகன். மைக்கேல் ஃபாரடே. ஆமா, நம்ம பிளஸ் டூ பிசிக்ஸ் ஃபாரடேதான். 1820-லயும் 1822-லயும் ரெண்டு பேரும் உருக்குக் கலவைகள் பத்திக் கட்டுரை எழுதினாங்க. வெள்ளி, பிளாட்டினம், ரோடியம்னு எதையெதையோ கலந்து பாத்தாங்க. வூட்ஸோட குணம் அதுல கலந்த வேற பொருளால வருதுன்னு நம்பினாங்க. அது தப்பு. ஆனா அந்தத் தப்பான தேடல்தான் பின்னாடி வந்த கலப்பு உருக்கு ஆராய்ச்சிக்கு ஒரு ஆரம்பம்.

இந்த இடத்துல ஒரு பிரேக். வாட்ஸ்அப்ல வர்ற “உலகத்து வாளெல்லாம் தமிழன் இரும்பு” ஃபார்வர்டை எனக்கு அனுப்பாதீங்க. ஸ்காட் அனுப்பினது பம்பாய் வழியாப் போன சரக்கு. வூட்ஸ் தெலங்கானா, கர்நாடகம், தமிழ்நாடு, இலங்கைன்னு பல இடத்தோட தொழில். நம்ம பங்கு சின்னதில்ல. கொடுமணல்ல உருக்குக் குகை வச்ச உலைகள் கிடைச்சிருக்கு, மேல்சிறுவளூர்ல சாரதா சீனிவாசன் ஆய்வு பண்ணியிருக்காங்க. நம்ம தெற்குல ஆதிச்சநல்லூர்ல 1899-ல இருந்து 1905 வரைக்கும் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்த இரும்பு ஆயுதங்கள் இருக்கு. சிவகளை இரும்புக்கு கி.மு. 3345-ங்கிற காலத்தை 2025 ஜனவரியில தமிழ்நாடு அரசு அறிக்கையா வெளியிட்டுச்சு. இதெல்லாம் இருக்கும்போது மிகைப்படுத்த வேண்டிய அவசியம் என்ன? ஒரே வருத்தம், அந்தப் பழைய இரும்புல கிரைண்டைப் பாக்க முடியாது. துரு முதல்ல திங்கிறது மெல்லிசான வாயைத்தான். முதுகு மிஞ்சும், வாய் போயிரும்.

நம்ம உலைகளும் 19-ஆம் நூற்றாண்டுல ஒவ்வொண்ணா அணைஞ்சுது. கரிக்குக் காடு கிடைக்கல, கப்பல்ல வந்த ஷெஃபீல்டு இரும்பு விலை மலிவு. ஸ்டோடார்ட் கையில பேனாக்கத்தியா ஜெயிச்ச இரும்பு, அது பிறந்த ஊர்லயே கிடைக்காமப் போச்சு. இன்னைக்கு அருவா அடிக்கிற ஆசாரி எதுல அடிக்கிறார்? லாரி ஸ்பிரிங் பட்டையில. கார்பன் ஏறக்குறைய 0.6 சதவீதம். லட்சம் தடவை வளைஞ்சு நிமிர்றதுக்காகச் செஞ்ச இரும்பு, அதனால அடி தாங்கும், ஒடியாது. தென்னை மட்டைக்கும் கருவேலத்துக்கும் புடைச்ச வாய் வச்சா அதுக்கு இணை இல்ல. ஆனா சவரக்கத்தி மாதிரி மெலிய வச்சா ரொம்ப நாள் நிக்காது. திருப்பாச்சேத்தி அருவா தடிச்ச முதுகோட வர்றது சினிமாவுக்காக இல்லைங்க.

ஆக, எந்த கிரைண்ட்? நம்மூர் உபயோகத்துக்கு எனக்குத் தோணுறது இது. மாம்பழம், காய், பார்சல் டேப், கயிறுதான் வேலைன்னா ஃபுல் பிளாட், வாய்க்குப் பின்னாடி மெல்லிசா இருக்கிறதாப் பாத்து வாங்குங்க. தேய்மானம் ஆக ஆக ஹாலோல வாய் குழியைத் தாண்டித் தடிமனான இடத்துக்கு ஏறிரும், சாதாரணக் கல்லுல அதைச் சரி பண்ண முடியாது. பிளாட்டுல அந்தத் தொல்லை குறைவு. நுங்கு சீவவும் கொப்பு வெட்டவும் மடக்குக் கத்தியை வாங்காதீங்க. அதுக்கு அருவா இருக்கு. தீட்டப் பழகாதவங்க, மடக்காத கத்தி போதும்னா ஸ்காண்டி எடுங்க. வீடியோக்காரங்க இதைக் கேட்டா சண்டைக்கு வருவாங்க, வரட்டும். நான் வாங்கினது பிளாட்.

அது வந்த அன்னைக்கு, தாத்தாவோட பெட்டியையும் இறக்கினேன். தாத்தா இப்ப இல்ல. பாளை அருவாவை ஒரு ஆசாரிகிட்ட கொண்டுபோய்க் காட்டினேன். திரும்பக் காய்ச்சித் தோய்ச்சுத் தர முடியுமான்னு கேட்டேன். வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தார். “யாரு பிடிச்சா இத?” நான்தான்னு சொன்னேன். “இவ்வளவு மெல்லிச உலையில வச்சா கோணிக்கிரும் தம்பி. நீலம் ஓரத்துலதான் இருக்கு. கல்லுல தேய்ச்சு அதைத் தாண்டிப் போ. மிஷின்ல வைக்காத, தண்ணி விட்டுத் தேய்”னார். காசு வாங்கல.

ஆறு வாரமா ஆபீஸ் கால் முடிஞ்சதும் ராத்திரி அரை மணி நேரம் தேய்க்கிறேன். நடுவுல நீலம் போயிருச்சு. கைப்பிடிப் பக்கம் ஒரு விரல் நீளத்துக்கு இன்னும் இருக்கு. அடுத்த எபிசோடு சங்கரன்கோவில் தறிகளைப் பத்தி. பாப்போம்.